கல்லூடு

நான் வேலை பார்க்கும் குடோன் வாசலில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். மழை பட்டு ஈரமண் வாசனை எழுந்ததும், செம்பரம்பாக்கத்தில் இதே இடத்தில் இருந்த ஆண்டையின் கல்வீடு நினைவுக்கு வந்துவிட்டது. கல்லூடு என்போம். ஜன்னல் குழியில் காலை மடக்கிப் படுத்துவிடலாம் என்று வெளியே நின்றே நான் அளந்து வைத்திருந்தேன், அவ்வளவு தடிமனான சுவர். சித்திரை வெயிலிலும் அது குளிர்ந்திருக்கும். களத்து வேலைக்கு வரும் அம்மா ஒரு நொடி முதுகைச் சாய்த்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்புவாள். வேலி தாண்டும்போதே எங்கள் தெருக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீடு ஏரிமண் வீடு. ஒவ்வொரு மழைக்கும் கரையும், அம்மா மறுபடி பூசுவாள்.

தொண்ணூறுகளில் கல்வீட்டை விற்று இடித்தார்கள். அன்றும் பழக்கத்தில் செருப்பைக் கையில் பிடித்தபடிதான் அம்மா வேடிக்கை பார்த்தாள். கடப்பாரை பட்டு வெளிப்பக்கக் கற்கள் சரிந்தன. உட்பக்கமும் கல் வரிசைதான். இரண்டுக்கும் நடுவே முழுக்க ஏரிமண்.

"இன்னாடி இது, உள்ள நம்ம ஊட்டு மண்ணுதான் கீது" என்றாள் அம்மா என்னிடம்.

பிறகு செருப்பைக் கீழே போட்டு, காலில் மாட்டிக்கொண்டாள்.