காய்ச்சலை இழுத்துப் போட்டவள்

பெரிய மருமகள் அந்த மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் என்னதான் செய்கிறாள் என்பது வீட்டில் ஒருவருக்கும் விளங்கியதில்லை. எது எந்த நோயின் வகை, எது எந்த நோயின் அறிகுறி என்று கணினிக்குப் புரியும்படி ஒரு மென்பொருளில் உறவு கட்டிக்கொண்டே போவாள். திரையில் கிளை கிளையாக விரியும் அந்தப் பெயர்களையெல்லாம் பெற்ற பிள்ளைகளைப் போல அறிவாள்.

கொழுந்தனுக்குக் கல்யாணமாகி ஓரகத்தி வந்தாள். அவளும் அதே வேலை தெரிந்தவள். அதே அலுவலகத்தில், எதிர் மேசையிலேயே வந்து உட்கார்ந்தாள். வீட்டில் புதியவள் வாயைத் திறந்தாலே எல்லோரும் ரசித்துச் சிரிக்கிறார்கள், அதைப் பொறுத்துக்கொண்டாயிற்று. இங்கேயுமா?

ஒருநாள் காலை ஓரகத்தி, "அக்கா, காய்ச்சலை நோய்க்குக் கீழ வச்சிருக்கீங்க. அது அறிகுறிதானே? மாத்தி, எந்தெந்த நோய்க்கு வரும்னும் இணைச்சுட்டேன்" என்றாள்.

அந்தப் பக்கமாக வந்த மேலாளர், "அட, இத்தனை நாளா யார் கண்ணுலயும் படலையே!" என்று வியந்துவிட்டுப் போனார்.

பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், காய்ச்சலைப் பிடித்து இழுத்துப் பழையபடி நோய்க்குக் கீழே போட்டாள். சரிபார்க்கும் பொத்தானைத் தட்டினாள். திரை முழுக்கச் சிவப்பு. நோயே இன்னொரு நோய்க்கு அறிகுறியாக இருக்க முடியாது என்று மென்பொருள் அடித்துச் சொன்னது. அந்த விதியை எழுதி வைத்தவளே அவள்தான்.

ஓரகத்தி திரும்பி வந்து தன் திரையைப் பார்த்தாள். "அக்கா, நீங்களா மாத்தினீங்க?"

"கை தவறிடுச்சு" என்றாள் பெரியவள். சொன்ன வேகத்திலேயே முகம் சுண்டிப்போயிற்று. "இல்ல. வேணும்னுதான் பண்ணேன்."

ஓரகத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "வீட்ல நான் எதைத் தொட்டாலும் அத்தை 'பெரியவ இப்படியா செய்வா?'ங்கறாங்க. எனக்கு மட்டும் எரியாதா?"

"நிஜமாவா?" என்றாள் பெரியவள். குரலில் வந்த குளிர்ச்சியை அவளால் மறைக்க முடியவில்லை.

இருவருமாகச் சேர்ந்து சரிசெய்தார்கள், சிவப்பு போயிற்று. சாயங்காலம், வெளியூர்க் கூட்டத்தில் இந்த வேலையை விளக்க ஓரகத்திதான் போகிறாள் என்று மேலாளர் அறிவித்தார். பெரியவளும் கை தட்டினாள்.

மறுநாள் ஓரகத்தி குளித்துக்கொண்டிருக்கும்போதே பெரியவள் அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். இருமலும் நோய்க்குக் கீழேதான் கிடக்கிறதென்று அவளுக்குத் தெரியும்; ஓரகத்தி கண்ணில் படுமுன் அதைத் தானே மாற்றிவிட வேண்டும்.