சித்தியின் சைரன்

‘அக்கா, இந்த முறை நீ முன்வரிசையில் இருக்கவேணும். நடுவில எழும்பிப் போனியெண்டால் நான் இனி இதைச் செய்யமாட்டன்.’

சித்தி சென்னையிலிருந்து அம்மாவுக்கு எழுதிய இந்தக் கடிதத்தில் தேதி இல்லை. உறையின் தபால் முத்திரையும் அழிந்திருக்கிறது. நான் அப்போது நான்காம் வகுப்பு என்பதால், சுனாமிக்கு மறு ஆண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

அம்மாவும் சித்தியும் இலங்கையில் பிறந்து, சிறுமிகளாகப் படகேறி, ராமநாதபுரம் பக்கத்து முகாமொன்றில் வளர்ந்தவர்கள். அம்மா போர்ட் பிளேரில் அரசு வேலையிலிருந்த அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு அந்தமான் வந்துவிட்டாள். சித்தி நாடகக்காரியாகி, போரைப் பற்றி ஒலிகளாலேயே ஒரு நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தாள். கருவிகள் அவள் தொண்டையும் ஒரு தகர டிரம்மும்தான். சென்னையில் அதைப் பார்க்கப் போன அம்மா பாதியிலேயே எழுந்து வந்துவிட்டாளாம்.

சித்தி போர்ட் பிளேருக்கு வந்து நடத்திய நிகழ்ச்சி, மரைன் ஹில் அடிவாரத்துப் பள்ளிக்கூட ஹாலில், மாலை நாலு மணிக்கு. சைரன் கேட்டதும் எல்லோரும் பெஞ்சுக்கு அடியில் குனியவேண்டும், அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று சித்தி தமிழிலும் தனக்குத் தெரிந்த இந்தியிலும் சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

டிரம்மை உருட்டியபடி அடிவயிற்றிலிருந்து அவள் அந்த ஊளையை எழுப்பியபோது ஒருவரும் குனியவில்லை. எங்கள் ஊரில் அபாயம் என்றால் கடல். கடல் என்றால் மேட்டுக்கு ஓடு.

“அரே, பானி! ஊபர் சலோ!” என்று பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி கத்தியதுதான் தாமதம், பெஞ்சுகள் சாய்ந்தன. என் பொறுப்பில் விட்டிருந்த மூன்று வயதுத் தம்பியின் கையை எப்போது விட்டேன் என்று தெரியாது. நானும் மலைச்சாலையில் ஓடினேன்.

அப்பா எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். எல்லோரும் திரும்பிக் கடலைப் பார்த்தோம். அது சும்மா கிடந்தது.

“உன் சித்திக்கு வேற சத்தமே கிடைக்கலியா?” என்றார் அப்பா, மூச்சு வாங்க. பிறகு முகம் மாறியது. “தம்பி எங்கடி? அம்மா?”

இருவரும் இறங்கி ஓடினோம்.

சாய்ந்த பெஞ்சுகளுக்கு நடுவே அம்மா குப்புறப் படுத்திருந்தாள். அவளுக்கு அடியிலிருந்து தம்பியின் ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது, அது ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சித்தி முழங்காலிட்டிருந்தாள்.

“அக்கா, எழும்பு. அது நான். நான்தான் சத்தம் போட்டனான்.”

“தெரியும்” என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். “நீயும் படு. இன்னும் ஒண்டு வரும்.”

சித்தி மேடைப் புடவையோடு அவளை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்து நான் கைதட்டினேன். அப்பா என் கைகளைப் பிடித்து நிறுத்தினார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

அம்மா எழுந்து போகவில்லை; இருந்தும் சித்தி அந்த நிகழ்ச்சியை மறுபடி செய்யவில்லை. ஒரு காலையில் தங்கள் ஊரில் விமானம் குண்டு போட்டதாக அவள் பின்னாளில் என்னிடம் சொன்னாள். அவள் நினைவில் இருப்பது ஒரே ஒரு விமானம். அம்மாவிடம் கேட்டால் வேறு பேச்சு எடுப்பாள். இரண்டாவதாக ஒன்று வந்ததா என்பதை என்னால் இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.