பிடித்துவிட்ட பிறகு நாலு குடம் தண்ணீர்

கண்ணுகளா, உங்கள் அம்மா எப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருப்பாள் என்று போன வாரம் பெரியவள் சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கோபக்காரி இல்லை. அவளுக்கு ஒற்றைத் தலைவலி இருந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். தெரிந்தபடி எழுதி வைக்கிறேன்.

நீலகிரி மலையிலிருந்து பைக்காரா கரண்டு வந்து கோயமுத்தூரில் மில்லுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. நாம் கோபி டவுனுக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரத்து ஊரில் இருந்தோம். மாதத்தில் இரண்டு மூன்று தடவை அவளுக்கு வலது கண்ணுக்குப் பின்னால் வலி பிடிக்கும். வெளிச்சம் ஆகாது. எருமை கறக்கும் சத்தம்கூட ஆகாது. குடித்த கஞ்சி வெளியே வந்துவிடும். நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாள். சுக்குப் பற்றுப் போட்டோம். கோயமுத்தூர் டாக்டரிடம் மாத்திரை வாங்கினோம். வயிறு கெட்டதுதான் மிச்சம்.

வலியைத் தணித்தது ஊர் மருத்துவச்சியின் கை ஒன்றுதான். என்னையும் உங்களையும் பிரசவம் பார்த்து எடுத்தவர் அவர். வீட்டுக்குப் பின்னால், பொடக்காலிச் சுவரோரம் உங்கள் அம்மாவை உட்காரவைப்பார். விளக்கெண்ணெய் இரண்டு சொட்டை உள்ளங்கையில் சூடேறத் தேய்த்துக்கொண்டு, பிடரிக்கு மேலே இருக்கும் இரண்டு குழிகளிலும் கட்டைவிரலை வைப்பார். அவசரமே கிடையாது. விரலை அங்கேயே வைத்தபடி ஊர்க்கதை பேசுவார். தோள் தானாக இறங்கிய பிறகுதான் கழுத்தைக் கீழ்நோக்கி நீவுவார்.

“கல்லாட்ட இருக்குதுங்க அம்மணி. ஊட்டுப் பாரத்தையெல்லாம் கழுத்துலயா தூக்கறீங்க?”

“பின்ன, உங்க பண்ணாடியவா தூக்கச் சொல்றது?” அந்தப் பண்ணாடி, நான், பக்கத்தில் நிற்பது தெரிந்தே, கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

அரை மணியில் வலி இறங்கிவிடும். அப்படியே படுத்துத் தூங்கினால் போதும். ஆனால் படுக்க முடியாது. பிரசவம் பார்க்கும் சாதி என்று, மருத்துவச்சி கை பட்டால் தீட்டு. தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் வரவேண்டும் என்பது எங்கள் வழக்கம். நாலு குடம், அதுவும் பச்சைத் தண்ணீர். வெந்நீரில் தீட்டுப் போகாது என்பார் என் தாயார். இடுப்புவரை இருந்த கூந்தல் காய்வதற்குள் பொழுது இறங்கிவிடும். ஈரத்தோடு வலியும் திரும்ப ஏறிவிடும்.

ஒரு மார்கழியில், மருத்துவச்சி பிடித்துவிட்டுப் போனதும், உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். “ஏனுங்க, அத்தைகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களே. இன்னிக்கு மட்டும் இப்படியே படுத்துக்கறேன்.”

தாயார் காதில் விழுந்துவிட்டது. “உன்ற பொண்டாட்டிக்குன்னு தனிச் சாத்திரமா எழுதறது?”

“இவரு பொறந்தப்ப மொதல்ல தொட்டதே அவங்க கைதானுங்களே அத்தை.”

“அதுக்கும் நான் தீட்டுக் காத்து, தலைக்கு ஊத்திட்டுத்தான் ஊட்டுக்குள்ள வந்தேன் அம்மணி.”

இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். “மாட்டுக்குத் தண்ணி காட்டலை” என்று சொல்லிவிட்டு நான் கட்டுத்தறிக்குப் போய்விட்டேன். மாடுகள் ஏற்கெனவே குடித்திருந்தன. அங்கே நின்றபடி நாலு குடமும் விழும் சத்தத்தைக் கேட்டேன்.

என் தாயார் கொடுமைக்காரர் இல்லை. அவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்ததும் அவர்தான். நான் வாயைத் திறந்திருந்தால் முணுமுணுத்துக்கொண்டே விட்டிருப்பார்.

அன்று சாயங்காலம் உங்கள் அம்மா சொன்னாள்: “இனி அவங்கள வரச்சொல்லாதீங்க. ஒரு வலிக்கு ஒரு தடவை கெடந்தாப் போதும். ரெண்டு தடவை எதுக்குங்க?”

அதன்பிறகு நானே பிடித்துப் பார்த்தேன். “நீங்க அழுத்தறீங்க. அவங்க புடிப்பாங்க” என்று கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

நாலு வருஷம் கழித்து விஷக்காய்ச்சலில் போனாள். தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த நாலு வருஷமும் நீங்கள் கதவைத் தட்டும்போதெல்லாம் வலியோடுதான் எழுந்து வந்தாள். நீங்கள் பார்த்தது அந்த முகம்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் மருத்துவச்சி வீட்டுக்குப் போனேன்.

“வாங்க பண்ணாடி” என்றவர், உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே கேட்டார். “அம்மணி அப்பறம் என்னையக் கூப்பிடவே இல்லீங்களே. என்ற கையில ஏதாச்சும் குத்தமுங்களா?”

நாலு வருஷமாக அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நாலு குடத்து ஈரத்தில் வலி திரும்ப ஏறியதைச் சொன்னேன். கட்டுத்தறிக்குப் போனதையும் சொன்னேன்.

“சொல்லியிருந்தா கையில துணியச் சுத்திக்கிட்டாவது புடிச்சிருப்பனுங்களே” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

திரும்பி வந்தபோது தாயார் காட்டு வேலைக்குப் போயிருந்தார். நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். யாராவது வீட்டில் இருந்திருந்தால் எனக்குத் துணிவு வந்திருக்காது. தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் உள்ளே போனேன். உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, அவள் படுத்த இடத்தில் படுத்துக்கொண்டேன்.