ரொறன்ரோ அடுப்பும் தம்பிஐயாவின் மூக்கும்

புளியங்கூடலில் காஸ் அடுப்புத் திருத்துகிறவர் தம்பிஐயா ஒருவர்தான். பதினைந்து வயதில், தெற்கே காலி நகரில் தகப்பன் நடத்திய தேத்தண்ணிக் கடையில் அடுப்புத் துடைக்கத் தொடங்கியவர். கடை போனது, தகப்பன் போனார், அறுபது தாண்டியும் அடுப்பு மட்டும் அவரை விடவில்லை. என்ன நடந்தது என்று எந்த வீட்டிலும் கேட்கமாட்டார். கேட்டால், ஒன்றும் செய்யவில்லை, தானாகவே நின்றுவிட்டது என்பார்கள். அதனால் குனிந்து மூக்கை வைத்து மணந்து பார்ப்பார்.

போன ஆவணியில் எங்கள் பக்கத்து வீட்டு ரஜீபன் ரொறன்ரோவிலிருந்து வந்தான். அவனுக்கு முன்னரே கப்பலில் ஒரு காஸ் பார்பிக்யூ அடுப்பு வந்துவிட்டது. நாலு பேர்னர், மூடி, உருட்டிப்போகச் சில்லு. பொத்தானை அழுத்தினால் தானே பற்றும். நெருப்பையே கண்டறியாத எங்களுக்கு அதைக் காட்டும் கருணையில், கூடப்படித்த முப்பது பேரைச் சனிக்கிழமை பின்னேரம் வரச்சொல்லியிருந்தான். கதிரை அடுக்கும் பதவியை எனக்குத் தந்தான்.

வியாழக்கிழமை கொளுத்திக் காட்டினான், அழகாக எரிந்தது. சனிக்கிழமை காலை பொத்தானை அழுத்தினால் சத்தம் வந்தது, பொறி வரவில்லை. நெருப்புக்குச்சியைக் காட்டினால் ஒரு மூலையில் மட்டும் மஞ்சளாய்க் கொஞ்சம் எரிந்தது. பற்றரியை மாற்றினான், சிலிண்டரை மாற்றினான், வீடியோ பார்த்தான், கையேட்டை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாசித்தான். வேறு வழியில்லாமல் தம்பிஐயாவைக் கூப்பிட்டான்.

"அண்ணை, இது கனடாச் சாமான். உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ, யாழ்ப்பாணத்திலை ஒரு ஆளின்ரை நம்பர் இருக்கு."

தம்பிஐயாவின் முகம் சுருங்கியது. அந்த ஆள் ஒருமுறை பண்ணைப் பாலம் தாண்டி இந்தத் தீவுக்கு வந்துவிட்டால், பிறகு ஊரில் எந்த அடுப்பு நின்றாலும் அவனுக்குத்தான் போன் போகும். இந்த வயதில் வேறு என்ன தொழிலைப் பழகுவது? குனிந்து மணந்தார். பிறகு மெல்லத் திரும்பிக் குசினி வாசலைப் பார்த்தார்.

அங்கே ரஜீபனின் தாய் அன்னபூரணம் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நின்றார். அடுப்பில் கை வைக்கக்கூடாது என்று மகன் இரண்டு தரம் சொல்லியிருந்தான். ஆனால் புது அடுப்பில் பால் பொங்காமல் இறைச்சி வைப்பதா? வெள்ளிக்கிழமை விடியற்காலை, மகன் நித்திரையாய் இருக்க, சட்டியை வைத்துக் கிழக்குப் பக்கமாகவே வழிய வழியப் பொங்கவிட்டார். பொறி தட்டுகிற ஊசியும் கிழக்கில்தான் இருந்தது. மேலே இருந்த கம்பித்தட்டை மட்டும் மினுக்கி வைத்துவிட்டார்.

ரஜீபன் கோழி வாங்கப் போன நேரம் தம்பிஐயா பேர்னர்களைக் கழற்றினார். கதிரை அடுக்கிக்கொண்டு நின்ற நானும் எட்டிப் பார்த்தேன், ஓட்டையெல்லாம் கருகிய பால். மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றாய்க் குத்தி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்தார். ஊசியைப் பழைய பல்பிரசால் தேய்த்தார். திரும்பப் பூட்டி, குழாய் மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிக் காஸ் கசியவில்லை என்று உறுதிசெய்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். நாலும் நீலமாய்ப் பற்றின.

"என்ன பிழை அண்ணை?" கோழியோடு வந்த ரஜீபன் கேட்டான்.

அன்னபூரணம் நிலத்தைப் பார்த்தார்.

"உப்புக்காத்து தம்பி. ஊத்தை அடைச்சிட்டுது."

"நான் அப்பவே நினைச்சனான்," என்றான் ரஜீபன்.

பின்னேரம் கோழியைப் பிரட்டியபடி வந்தவர்களுக்கு விளக்கம் கொடுத்தான். "உப்புத்தான் எண்டு நான் கண்டுபிடிச்சிட்டன். அண்ணை சும்மா துடைச்சுத் தந்தவர். அடுத்தமுறை நேரா யாழ்ப்பாணத்து ஆளைத்தான் கூப்பிடவேணும்."

கடைசிக் கதிரையில் இருந்த தம்பிஐயா சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய்யும் சொல்லி, பேரையும் பறிகொடுத்து, சிரிக்கவும் சிரிக்கிற மனிதரை என்ன செய்வது?

சம்பல் கோப்பையோடு வந்த அன்னபூரணம் அதை மேசையில் வைத்தார்.

"உப்புமில்லை, ஒண்டுமில்லை. அதிலை பாலைப் பொங்கவிட்டது நான். மணந்த உடனை தம்பிஐயாவுக்குத் தெரியும். நீ என்னை ஏசுவாய் எண்டு மறைச்சவர். அந்த நம்பரை அழி."

முப்பது பேரும் வாய்க்குக் கொண்டுபோன கோழியை அப்படியே பிடித்திருந்தார்கள். ரஜீபன் கையில் இடுக்கியோடு நின்றான். அடுப்பில் கிடந்தது கருகத் தொடங்கியது. தம்பிஐயாதான் எழும்பிப் போய் நெருப்பைக் குறைத்தார்.