தராசு சிஸ்டர்

பிரசவ வார்டில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது பயிற்சிக்குப் போய்வந்த பிறகுதான். பதினெட்டு வருடம் நர்சாக இருந்தவளை நான்கு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். குழந்தை பிறந்த பின் தாய்க்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்லக் கூடாது, நனைந்த துணிகளை எடை போட்டுக் கணக்கிட வேண்டும், அரை லிட்டரைத் தொட்டால் யாருக்கும் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பது புதிய வழிகாட்டு நெறிமுறை. அதை அச்சிட்ட புத்தகத்தோடு திரும்பி வந்தாள்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்மா. இருபத்தஞ்சு வருஷமா கண்ணால பாத்துத்தான் சொல்றேன். என் கண்ணை விடவா தராசு பெருசு?" என்றார் பெரிய டாக்டரம்மா.

அவள் ஸ்டோருக்கு நடையாய் நடந்து ஒரு தராசை வாங்கிவந்து பிரசவ மேசைக்குப் பக்கத்தில் வைத்தாள். தன் ஷிப்டில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்குப் பிறகும் துணிகளை எடை போட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். "கிலோ என்ன விலை சிஸ்டர்?" என்று கேலி பேசினார்கள். மூன்றாவது வாரம், எல்லோரும் "கொஞ்சந்தான் போச்சு" என்று சொன்ன ஒரு பெண்ணுக்குத் தராசு அறுநூற்றைம்பது காட்டியது. உடனே மருந்து ஏற்றினாள். அந்தப் பெண் நான்காம் நாள் நடந்து வீட்டுக்குப் போனாள். அதன் பின்னும் சிரிப்பு நிற்கவில்லை. சத்தம் மட்டும் குறைந்தது.

அவள் ஷிப்டில் நடந்தது மற்ற ஷிப்டில் நடக்கவில்லை. அங்கே படிவங்கள் வெறுமையாகவே கிடந்தன. அப்போதுதான் தரச்சான்று கொடுக்கும் குழு வரப்போவதாகச் செய்தி வந்தது. தலைமை நர்ஸ் ஒரு கட்டுப் படிவத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டாள்.

"உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கு. ரத்தப்போக்கு கட்டத்தை மட்டும் நிரப்பிடு."

"அளக்கவே இல்லையே அக்கா. எதை எழுதறது?"

"இருநூத்தம்பதுன்னு எழுது. யாரு செத்தா, யாரு கேக்கப் போறா? நீ கொண்டு வந்த திட்டம்தானே, அது தோத்துச்சுன்னு பேரு வேணுமா உனக்கு?"

அந்தக் கடைசி வார்த்தைதான் அவளைச் சாய்த்தது. இரண்டு மதியம் உட்கார்ந்து எழுதினாள். இருநூறு, இருநூற்றைம்பது, முந்நூறு. சந்தேகம் வராமல் இருக்க இடையில் ஓர் இருநூற்றெழுபது. இனி வரப்போகிறவர்களுக்கும் இருக்கட்டும் என்று பெயர் எழுதாத நாற்பது படிவங்களையும் நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினாள். குழு வந்தது, பக்கங்களைப் புரட்டியது, பாராட்டியது. சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார்கள். தொலைந்துவிடுமாம் என்று தராசை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

பூட்டி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவளுடைய நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு அங்கேயே சேர்ந்தாள். "அண்ணி இருக்கிற ஆஸ்பத்திரி, எனக்கென்ன பயம்?" என்று தன் மாமியாரிடம் அடம்பிடித்து வந்தவள். வலி கண்டதோ அண்ணியின் விடுமுறை நாளில். காலை பத்து மணிக்குப் பெண் குழந்தை. நனைந்த துணிகள் வாளியில் விழுந்தன, யாரும் எண்ணவில்லை. "தூங்கறா, களைப்பு" என்றார்கள். செய்தி கேட்டுக் குழந்தையைப் பார்க்க ஆசையாக ஓடிவந்த அண்ணிதான், பகல் பன்னிரண்டரைக்குப் போர்வையை விலக்கிப் பார்த்து அலறினாள். உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. நாத்தனாருக்கு வயது இருபத்து மூன்று.

விசாரணை வைத்தார்கள். பெரிய டாக்டரம்மா படிவத்தை நீட்டினார். "நெறிமுறைப்படி அளந்திருக்கோம் சார். இருநூத்தம்பது மில்லி. அப்புறம் திடீர்னு போனா நாங்க என்ன செய்ய முடியும்?"

எண் அச்சு மாதிரி இருந்தது. பெயர் மட்டும் வேறு யாரோ கிறுக்கியது.

"சார், அந்த எண்ணை எழுதினது நான். அவ ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடியே எழுதினது. இங்க யாரும் அளக்கல" என்றாள் அவள்.

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ பொய்ப் பதிவு செஞ்சது நீங்கதான்னு ஒத்துக்கறீங்க?"

தலைமை நர்ஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்லித் தப்பிக்கவும் தராசு சிஸ்டருக்கு வழியில்லை. இரண்டிலும் அவள் பங்கு இருந்தது. ஊசி போடும் அறைக்கு மாற்றினார்கள், பதவி உயர்வை நிறுத்தினார்கள். நெறிமுறையை வெற்றிகரமாக நடைமுறைப்படுத்தியது எப்படி என்று பேச, பெரிய டாக்டரம்மாவை ஒரு மாநாட்டுக்கு அழைத்தார்கள். போய்ப் பேசிவிட்டு வந்தார்.

கணவன் அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. தங்கையைப் பார்க்கப் போகும்போது மட்டும் அவளைக் கூப்பிடுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தானாகவே போனாள். நாத்தனார் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குழந்தையின் துணியைச் சரிசெய்துவிட்டுக் கேட்டாள்.

"அண்ணி, அந்த இருநூத்தம்பதை எழுதறப்போ யாரை நினைச்சு எழுதினீங்க?"

"யாரையும் நினைக்கலம்மா."

"அதான்" என்று சொல்லிவிட்டு, நாத்தனார் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.