முழங்கால் பக்கத்துப் பொத்தான்

மயிலாடும்பாறையைச் சேர்ந்த ஓர் இளைஞன் விமானத்தோடு எரிந்து செத்ததற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாமல் பாதியில் எழுந்து போகலாம், அப்போது இந்த ஒன்றாவது உங்கள் காதில் விழுந்திருக்கும்.

பேய், ஆவி எதையும் நம்பி வளர்ந்தவனில்லை நான். தேனி கடைவீதியில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற நாளெல்லாம் வியாபாரம். கடைக்கு வருகிறவர் யாராவது முனி, காத்து கருப்பு என்று ஆரம்பித்தால் என் அப்பா தராசைத் தட்டி, "இதுல வச்சு நிறுக்க முடியுமாய்யா அத?" என்பார். நானும் மதுரையில் பௌதிகம் படித்துவிட்டுத்தான் படையில் சேர்ந்தேன்.

எழுபதுகளில் வடக்கே ஒரு விமானத் தளத்தில் இருந்தேன். வானிலிருந்து படம் பிடித்துவரும் வேவு விமானங்கள் அங்கே நின்றன. ஒரே ஆள் ஓட்டுவது, எல்லாம் வயதானவை. அவற்றையே பிரித்துப் புதுக் கேமரா, புதுக் கருவிகள் பொருத்தி மேலும் சில வருஷம் பறக்க வைப்போம். என் பொறுப்பு பறக்காத விமானம். அதாவது, விமானி உட்காரும் இடத்தை மட்டும் அச்சு அசலாகச் செய்து ஒரு கூடத்தில் வைத்திருந்த பயிற்சிப் பெட்டி. வெளியே மேசையிலிருந்து நான் ஒரு விசையைத் தட்டினால் உள்ளே தீ விளக்கு எரியும். விமானி இடது கையால் ஒரு சின்ன மூடியைத் தூக்கி, அடியிலிருக்கும் தீயணைப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். யோசிக்காமல் கை தானாகப் போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வார்கள். விமானத்தில் எது இடம் மாறினாலும் பெட்டியிலும் மாற வேண்டும், என் வேலையின் சாரம் அவ்வளவுதான்.

தங்கப்பாண்டி அங்கே புது விமானி. அதிகாரி. நான் அவனுக்குக் கீழே. ஆனால் அவன் மயிலாடும்பாறைக்காரன், நான் தேனி என்று தெரிந்த நாளிலிருந்து, மற்றவர் இல்லாதபோது நான் அவனுக்கு அண்ணன்.

"என்னண்ணே, இன்னைக்காச்சும் உங்க பெட்டி பறக்குமா?" என்பான்.

"நீங்க ஓட்டுற லட்சணத்துக்கு அது தரையில கெடக்கிறதுதான் ஊருக்கு நல்லது தம்பி."

"நான் கடமலைக்குண்டு பஸ்ஸுல தொத்திக்கிட்டே பள்ளிக்கூடம் போனவன்ணே. அதுக்கு முன்னால இதெல்லாம் ஒரு வண்டியா?"

அந்த வருஷம் விமானங்களுக்குப் புதுக் கேமரா வந்தது. அதை இயக்கும் பொத்தானை இடது முழங்கால் பக்கம் வைத்தார்கள், ஏற்கெனவே அங்கே இருந்த தீயணைப்புப் பொத்தானை வேறிடத்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டுக்கும் ஒரே மாதிரி மூடி. பெட்டியிலும் அப்படி மாற்றக் கம்பிகளை எல்லாம் பிரிக்க வேண்டும், சில நாள் வேலை. எனக்கோ தங்கை கல்யாணத்துக்கு விடுப்பு கிடைத்திருந்தது. மேலதிகாரி கேட்டபோது, "பெட்டி முடிந்தது சார்" என்றேன். முடியவில்லை, தொடவே இல்லை.

தங்கப்பாண்டி கவனித்துவிட்டான். "விமானத்துல மாத்திட்டாக. இங்கன பழைய எடத்துலயே இருக்கேண்ணே?"

"கல்யாணம் முடிஞ்சு வந்து மாத்திடுறேன். மனசுல வச்சுக்கங்க."

"சரி, மனசுல வச்சுக்கிடுறேன். எனக்கு லட்டு கொண்டாந்துருங்க."

மனசில் வைத்திருந்தான்தான். ஆனால் நான் ஊரில் பந்தல் போட்டுக்கொண்டிருந்த நாளெல்லாம் அவன் கை அந்தப் பெட்டியில் பழைய இடத்தையே பழகிக்கொண்டிருந்தது.

நான் லட்டோடு திரும்பிய மறுநாள், நடுப்பகலில், அவன் தாழப் பறந்துகொண்டிருந்தபோது என்ஜினில் தீப்பிடித்தது. அவன் தப்பவில்லை. சிதைந்த விமானத்திலிருந்து படச்சுருளை மட்டும் மீட்டார்கள். அதில் தரை நெருங்கி நெருங்கி வருவது வரிசையாகப் பதிவாகியிருந்தது. விசாரித்தவர்கள், கடைசி நொடிவரை கடமையில் இருந்திருக்கிறான் என்று மெச்சினார்கள். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்கு மட்டும்தான் விஷயம் புரிந்தது. தீயை அணைக்க நினைத்து அவன் கேமராவை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறான். பெட்டியைச் சோதிக்க யாரும் வருவதற்குள் நான் தனியாக உட்கார்ந்து பொத்தான்களை மாற்றிவிட்டேன். செய்ததில் இதுதான் பெரிய கேவலம்.

அதன்பின் எனக்கு ஓரிடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. சாப்பிடும்போது எழுந்து நடப்பேன், ஜெபத்தின் நடுவே வெளியே போய்விடுவேன். இரண்டு வருஷம் இப்படி ஓட்டிவிட்டு, ஒரு விடுப்பில் தேனியிலிருந்து பஸ் ஏறி மயிலாடும்பாறை போனேன்.

அவன் அப்பா பெருமாள் பருத்தி விவசாயி, வற்றிய உடம்பு. அம்மா வேலம்மா மோர் கொடுத்தாள். அவர்கள் மகனோடு வேலை பார்த்தவன் என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப நீங்களாச்சும் சொல்லுங்க," என்றார் பெருமாள். "சாகுற வரைக்கும் படம் எடுத்தான்னு பள்ளிக்கூடத்துல மேடை போட்டுப் பேசுனாக. மாலையெல்லாம் போட்டாக. நெருப்புக்குள்ள ஒக்காந்துக்கிட்டு எவனாச்சும் படம் எடுப்பானா தம்பி? வீட்டுக்கு வரணும்ங்கிற நெனப்பே இல்லாமப் போச்சா அவனுக்கு?"

நான் மோர் டம்ளரை வாயில் வைத்தேன். அதற்குள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. வேலம்மா, "பாருங்க, இப்ப அவுக கை போகும்" என்றாள், சோறு வெந்துவிட்டது என்கிற மாதிரி.

கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் இடது கை மெல்ல எழுந்து முழங்கால் பக்கம் இறங்கியது. ஆள்காட்டி விரல் எதையோ மேலே தூக்கியது. கட்டைவிரல் அழுத்தியது. தூக்கியது, அழுத்தியது, தூக்கியது, அழுத்தியது. அவர் தன் கையை அடுத்தவர் கையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"மகன் போன நாள்ல இருந்து இப்படித்தான்," என்றாள் வேலம்மா. "தேனி டாக்டரு நரம்புன்னு சொன்னாக. குச்சனூருல சனீஸ்வரனுக்கு எள்ளு வெளக்குப் போட்டோம். ஒருக்க பஸ்ஸுல பக்கத்துப் பொம்பள தொடைய அமுக்கி வச்சுட்டாக. செருப்படி வாங்காம எறக்கிக் கூட்டியாந்தேன்."

நம்பினால் நம்புங்கள். பொத்தானை அழுத்துவதை யாரும் செய்யலாம், நரம்புக் கோளாறு என்று சொல்லிவிடலாம். அந்த மூடியைப் பற்றி விமானம் பக்கமே வராத ஒரு பருத்தி விவசாயிக்கு எப்படித் தெரியும்?

அவர் கை ஓய்ந்ததும் நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். விமானத்தில் தீயணைப்புப் பொத்தானை வேறிடத்துக்கு மாற்றினார்கள், பெட்டியில் நான் மாற்றவில்லை, பொய் சொன்னேன், பிறகு மறைத்தேன்.

அவர் கேட்டார்: "அப்ப அவன் படம் எடுக்கல?"

"இல்லங்கய்யா. தீய அணைக்கத்தான் பாத்தாரு. வீட்டுக்கு வரத்தான் பாத்தாரு."

அவர் வாய்விட்டு அழுதார். வேலம்மா என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டாள். "எந்திரிங்க. அவுக அழுது முடிக்கையில நீங்க இங்கன இருக்கக் கூடாது."

தளத்துக்குத் திரும்பியதும் மேலதிகாரியிடம் போய் ஒப்புக்கொண்டேன். பதவியைக் குறைத்தார்கள், பெட்டி இருந்த கூடத்துக்குள் நுழையக் கூடாது என்றார்கள். பெட்டி மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றிய விமானத்தைப் பறக்க விடுவது என்றும் அங்கே முடிவாயிற்று. இதை அவன் அப்பாவிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடி மயிலாடும்பாறை போனேன்.

வேலம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அவர், "வரட்டும்" என்றார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இனிமே ஒருத்தன் வீட்டுலயும் இப்படி ஆகாதுல்ல?" என்று கேட்டார். ஆகாது என்றேன். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கை எப்படி இருக்கிறது என்று வேலம்மாவிடம் விசாரித்தேன். "நீங்க வந்துட்டுப் போன அன்னையில இருந்து அசையவே இல்ல" என்றாள். அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்தது.

இடது கை எழுந்தது. முழங்கால் பக்கம் போகவில்லை. நேராக மேலே போனது, இடது புருவத்துக்கு எதிரே, நெற்றியிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெறும் காற்றில் நின்றது. விரல் மூடியைத் தூக்கியது. கட்டைவிரல் அழுத்தியது. ஒரே தடவை. பிறகு கை மடியில் விழுந்தது, அவர் நீளமாக மூச்சு விட்டார். முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"அணைஞ்சிருச்சு," என்றார்.

வேலம்மா அடுப்பைப் பார்க்க ஓடினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. எது அணைந்தது என்று கேட்டதற்கு அவருக்கே சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் அவர் சாகும்வரை அந்தக் கை தானாக அசையவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

தீயணைப்புப் பொத்தான் எந்த இடத்துக்கு மாறியது என்று அந்த வீட்டில் நான் சொல்லவே இல்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆனால் அவர் கை போய் நின்றது, விமானத்தில் அதை மாற்றி வைத்த அதே இடம், அதே உயரம். அதைக்கூட எப்படியோ என்று விட்டுவிடலாம். எனக்கு இந்த வயதிலும் உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாமல் போவது வேறொன்றால். எத்தனையோ விமானிகளைப் பழக்கியிருக்கிறேன். பழைய இடம் பழகிய கை, சொன்னவுடன் புது இடத்துக்குப் போகாது. முதலில் பழைய இடத்துக்கே இறங்கும், பாதியில் நிற்கும், தடுமாறும், நாள்கணக்கில் பெட்டியில் உட்கார்ந்தால்தான் அப்படி நேராகப் போகும். அந்த ஒரு மாதம் தங்கப்பாண்டி எந்தப் பெட்டியில் உட்கார்ந்து பழகினான்? வெளியே மேசையில் இருந்துகொண்டு அவனுக்குத் தீ விளக்கைப் போட்டுக் காட்டியது யார்?