புனித வெள்ளியில் பிறந்தவன்

நொயெலின் பிரிட்டிஷ்காரி ஆன அன்று கருவாட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பை அலசிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக் கிளெமான்ஸ் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். கிளெமான்ஸ்தான் நொயெலினுடைய மகனுக்கு ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருத்தியை ஒருத்தி 'கோமேர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கோமேர்! ரேடியோல சொல்லிட்டான். நாமெல்லாம் இங்கிலீஷ்காரி ஆயிட்டோம்டி!"

"தள்ளி நில்லு, தண்ணி தெறிக்குது. யாரு கேட்டா அவங்கள?"

"யாரும் கேக்கல. மனு இல்ல, ஒண்ணும் இல்ல. தானா வந்திருச்சு. நம்ம சாகோஸ் தீவுல பொறந்திருந்தாப் போதுமாம்."

"தீவைத் திருப்பிக் குடுன்னு முப்பது வருஷமா கேட்டோம். அது வரல. கேக்காதது வந்து வாசல்ல நிக்குது," என்றாள் நொயெலின். ஆனாலும் சிலுவை போட்டுக்கொண்டாள். கர்த்தர் எதை எந்த வழியில் கொடுப்பார் என்று யாருக்குத் தெரியும்.

அன்று மொரீஷியஸில் அவர்கள் குடியிருந்த ரோஷ் புவாவின் தகர வீடுகளில் எல்லாம் ஆட்டமும் பாட்டும்தான். நொயெலினும் ஆடினாள்.

இருவரும் ஒரே கப்பலில் மொரீஷியஸுக்கு வந்தவர்கள். இருவரும் அப்போது கர்ப்பிணிகள். தீவில் பெரிய ஆஸ்பத்திரி இல்லாததால் பிரசவத்துக்கு வந்தார்கள். பெற்றுக்கொண்டு திரும்பப் போகலாம் என்று துறைமுகத்துக்குப் போனபோது, இனி அங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு கப்பல் போகாது என்று சொல்லிவிட்டார்கள். தீவை யாரோ யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். இவர்கள் நம்பவில்லை. அடுத்த கப்பல் வரும், அதற்கடுத்தது வரும் என்று துணிமூட்டையை அவிழ்க்காமலே இருந்தார்கள். அதனால்தான் பிள்ளைகளின் பிறப்பையும் இங்கே பதியவில்லை. தீவில் கொப்பரைத் தோட்டத்து நிர்வாகி வராந்தாவில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார். என்றைக்குப் போய்ச் சொன்னாலும் எழுதுவார். நம் பிள்ளையை நம் மண்ணில் எழுதலாம் என்று காத்திருந்தார்கள்.

மழைக்காலம் வந்தது, கப்பல் வரவில்லை. கடைசியில் இரண்டு பேரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். தாமதமாகச் சொன்னால் அபராதம் என்று வரிசையில் நின்றவர்கள் பயமுறுத்தினார்கள். கிளெமான்ஸ், "போன வாரம்தான் பொறந்தான்," என்று கூசாமல் சொன்னாள். எழுத்தர் தலை நிமிரவில்லை. அவள் இடுப்பில் அந்த மகன் கேபி உட்கார்ந்து கரும்பைச் சப்பிக்கொண்டிருந்தான்.

நொயெலினிடம், "எப்போ?" என்றார்.

"புனித வெள்ளிங்க. சாயங்காலம் மூணு மணி."

கர்த்தர் உயிர்விட்ட நாளில், உயிர்விட்ட வேளையில் பிறந்த பிள்ளை. அந்த நாளை மாற்றிச் சொல்ல அவளுக்கு நா வரவில்லை. அபராதத்துக்காக மூன்று வீட்டில் துணி துவைத்தாள்.

அந்தப் பிள்ளைதான் தெசிரே. அவனுக்குத் தேதி பார்த்துப் பிறந்தநாள் வைப்பதில்லை. எந்தத் தேதியில் வந்தாலும் புனித வெள்ளிதான் அவன் நாள். கறி இல்லை, ரம் இல்லை, பாட்டு இல்லை. "என் பொறந்தநாளுக்கு ஊரே கறுப்புத் துணி போட்டு அழுதுட்டுப் போகும். எந்த ராஜாவுக்கு இந்தக் கொடுப்பினை?" என்பான் அவன். தகப்பன் தீவுத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்திருந்த மொரீஷியஸ்காரன். கல்யாணம் கட்டாமலே கூட இருந்துவிட்டு, இரண்டாவது பிள்ளை ஜினெத் நடக்கப் பழகும்போது போய்விட்டான். தெசிரே பள்ளிக்கூடத்தை விட்டுத் துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தங்கையைப் படிக்க வைத்தான்.

ஆட்டம் பாட்டம் முடிந்த வாரம், கோயில் மண்டபத்தில் விஷயம் தெரிந்த ஒருவர் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினார். தீவில் பிறந்தவர்களுக்கு உண்டு. தீவில் பிறந்த தாய்க்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்கும் உண்டு. ஆனால் அறுபத்தொன்பதாம் வருஷம் ஏப்ரல் இருபத்தாறுக்கு முன்னால் பிறந்திருந்தால் இல்லை.

நொயெலின் விரல்விட்டு எண்ணினாள். அந்த வருஷம் புனித வெள்ளி ஏப்ரல் நாலு.

ஜினெத் பிரிட்டிஷ்காரி. கேபி பிரிட்டிஷ்காரன். தெசிரே இல்லை.

தெசிரேதான் முதலில் சிரித்தான். "டேய் கேபி, நீ என்னைவிட ஒரு வாரம் மூத்தவன்டா. இப்போ ஏட்டுல எட்டு மாசம் சின்னவனாயிட்ட. இனிமே என்னை அண்ணான்னு கூப்பிடு."

கேபி சிரிக்கவில்லை. கிளெமான்ஸ் பாவாடை ஓரத்தைக் கசக்கியபடி நொயெலினிடம் வந்தாள். "கோமேர், நான் போய் உண்மையைச் சொல்லிடட்டுமா? பொய் சொன்னேன்னு?"

"சொன்னா உன் பையனுக்கும் போயிடும். என் பையனுக்கு வந்திருமா?"

"வராது."

"அப்போ வாயை மூடிக்கிட்டு உக்காரு."

கோபமாகச் சொல்லவில்லை. அன்று இருவரும் சேர்ந்துதான் ஜெபமாலை சொன்னார்கள்.

அடுத்த வருஷம் ஜினெத் வேலை பார்த்த தையல் ஆலையை மூடினார்கள். துறைமுகத்திலும் பாரந்தூக்கி இயந்திரங்கள் வந்து தெசிரேக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. சாகோஸ்காரர்கள் லண்டன் பக்கம் விமான நிலையத்தில் துப்புரவு வேலைக்குப் போகிறார்கள் என்று பேச்சு. ஜினெத்தும் கேபியும் கிளம்பினார்கள். "அம்மா, நீயும் வா. உனக்கும்தான் பாஸ்போர்ட் இருக்கே," என்றாள் ஜினெத்.

நொயெலின் ஞாயிறு பூசைக்குப் போடும் உடுப்பைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், பாஸ்போர்ட் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மரியாதையானவள். உட்காரச் சொன்னாள்.

"அம்மா, நீங்க ஏற்கனவே வாங்கிட்டீங்களே. வேற என்ன வேணும்?"

"என்னுதைத் திருப்பிக் குடுக்க வந்தேன். இதை என் பையன் பேருக்கு மாத்திக் குடுங்க. நான் வயசானவ. எனக்கு எதுக்கு?"

அந்தப் பெண் பாஸ்போர்ட்டை மெல்ல இவள் பக்கம் தள்ளினாள். "இது போட்டிருக்கிற சட்டை இல்லம்மா, கழட்டி இன்னொருத்தருக்குக் குடுக்க."

"நான் கேட்டு வாங்கலையே. கேக்காமத்தானே குடுத்தீங்க. அதே மாதிரி அவனுக்கும் குடுங்களேன்."

"சட்டம்மா. தேதி அப்படி."

"அவன் கருவுல உருவானது அந்தத் தீவுலதான்..."

"எனக்குப் புரியுது. என் கையில இல்ல." அவள் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நொயெலின் குடித்தாள். கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வேறு என்ன சொல்ல.

அன்று இரவுச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் மீன் குழம்பு. தெசிரே இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொள்ளவில்லை.

"நீ போம்மா. என்னால நீ இந்தத் தகரத்துக்குள்ள கெடந்து வேகணுமா?"

"உன்னாலயா? என் வாயாலடா. கிளெமான்ஸ் மாதிரி ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா..."

"மாத்திச் சொல்லியிருந்தா எனக்குப் பொறந்தநாளே கெடையாது," என்றான். பிறகு எழுந்து வெளியே போய்விட்டான். அவன் தோள் குலுங்கியது சிரிப்பாலா என்று அவள் பார்க்கவில்லை.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு வரை ஜினெத்தின் பெட்டியைத் தெசிரேதான் சுமந்தான். அங்கே நின்ற காவலர் கையை நீட்டினார். "பயணம் போறவங்க மட்டும்."

ஜினெத் அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. கேபி வாய் திறந்து, "வரேண்ணா," என்றான். தெசிரே அவன் தலையில் ஒரு குட்டு வைத்து உள்ளே தள்ளினான்.

நொயெலினின் பாஸ்போர்ட் பைக்குள் ஜெபப் புத்தகத்தோடு இருந்தது. வீட்டில் வைத்துவிட்டு வர மனம் வரவில்லை. கதவு திறந்து திறந்து மூடியது. சீட்டு ஒன்று வாங்கினால் அவள் அதற்குள் போகலாம். அவள் மகன் போக முடியாது. அவள் கதவையும் பார்த்தாள், மகனையும் பார்த்தாள். ஜினெத் திரும்பிக் கையாட்டியபோது இவள் கை மேலே எழவில்லை. மகனுடைய சட்டைக் கையை அது இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"விடும்மா, கிழிஞ்சிரும். இருக்கிறதே இது ஒண்ணு," என்றான் தெசிரே. "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."